நரிக்கு நன்னடத்தைச் சான்றிதழ்

நாடகக்காரர் ஒருவர் இருந்தார். அவருக்கு அமைந்த வேடம் நரி. இளமையில் வேறு வேடங்களும் கொடுத்துப் பார்த்தார்கள், ஒட்டவில்லை. ஒருமுறை ராஜாவாகச் சிம்மாசனத்தில் உட்கார வைத்தார்கள். உட்கார்ந்த கையோடு மந்திரியின் தட்டில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்துவிட்டார். சரி, இந்த மனிதர் நரிக்கென்றே பிறந்தவர் என்று கைகழுவிவிட்டார்கள். அதிலிருந்து கடைத்தெருவுக்குப் போனாலும் அவருக்கு நரியார் என்றுதான் பெயர்.

இதில் வேடிக்கை என்னவென்றால், முகமூடியைக் கழற்றிவிட்டால் அவருக்குப் பொய் சொல்லவே வராது. வாயைத் திறப்பதற்கு முன்பே இரண்டு காதும் சிவந்துவிடும். முகமூடிக்குள் காது தெரியாததால்தான் மேடையில் மனிதர் தப்பித்துக்கொண்டிருக்கிறார் என்று அவருடைய மனைவி சொல்வாள். அவள்தான் கரடி. கணீரென்ற குரல். மேடையில் அவள் ஒரு உறுமு உறுமினால் பின்வரிசைப் பிள்ளைகள்கூடக் காலைத் தூக்கி நாற்காலிமேல் வைத்துக்கொள்ளும். குழுவில் அவ்வளவுதான் ஆட்கள். முயல், ஆடு, அணில் எல்லாம் பஞ்சு பொம்மைகள். ஒரே கயிற்றில் கட்டி நரியாரே இழுத்துப் போவார்.

அவர்கள் போட்டுவந்த நாடகம் இது. ஒரு பாலம், அதன் நடுவே ஒரு கரடி. யார் கடந்தாலும் கொண்டுபோகிற சாப்பாட்டில் பாதியைக் கரடிக்கு வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். முயலும் ஆடும் அணிலும் பாதி வயிற்றோடு இளைத்துப் போகின்றன. அப்போது நரி ஒரு வெற்றுச் சாக்கைத் தூக்கிக்கொண்டு வருகிறது. இதற்குள் என்ன என்று கரடி கேட்க, தூக்கம் இருக்கிறது, எனக்கு வேண்டியது, தயவுசெய்து கேட்காதே என்கிறது நரி. என் பாதியை எடுக்காமல் விடமாட்டேன் என்று கரடி சாக்குக்குள் தலையை விடுகிறது. உள்ளே இருட்டு, இதமான சூடு. கொஞ்ச நேரத்தில் குறட்டை. எல்லோரும் பாலத்தைக் கடக்கிறார்கள். அக்கரை சேர்ந்ததும் நரி முயலின் மூட்டையிலிருந்து கேட்காமல் கொள்ளாமல் ஒரு ஆப்பிளை உருவி, ஒரு கடி கடித்து, பிள்ளைகளைப் பார்த்துக் கேட்கும்: “சொல்லுங்க, நான் நல்லவனா, கெட்டவனா?”

திரை விழும். பதில் சொல்லப்படாது. பிள்ளைகள் தங்களுக்குள் அடித்துக்கொண்டே தெருவுக்குப் போவார்கள். நல்லவன்தான் என்று ஒரு கூட்டம், அப்படியானால் ஆப்பிள் எங்கே என்று ஒரு கூட்டம். அந்தச் சண்டை தெருமுனை தாண்டும்வரை நரியார் வாசலில் நின்று காதுகொடுத்துக் கேட்பார். அவருக்கு அதுதான் சாப்பாடு.

அங்கேதான் கதைமாந்தர் ஒழுக்க வாரியத்துக்கு மூக்கு வியர்த்தது.

மனிதர்களின் ஒழுக்கத்தைக் கவனிக்க நாட்டில் ஏற்கெனவே நிறைய அலுவலகங்கள் இருந்தன. அவற்றால் ஒன்றும் ஆகவில்லை. மனிதர்கள்தான் திருந்தவில்லை, கதையில் வருகிறவர்களையாவது திருத்திவிடுவோம் என்று ஒரு வாரியத்தை உண்டாக்கினார்கள். கதைமாந்தர்கள் எதிர்த்துப் பேசமாட்டார்கள், வழக்குப் போடமாட்டார்கள், வேலை சுலபமாக முடியும் என்பது கணக்கு. அந்த வாரியத்திலிருந்து நரியாருக்கு உத்தரவு வந்தது. தந்திரத்தால் ஆதாயம் அடைந்தும் தண்டனை பெறாத கதைமாந்தர் என்ற பிரிவில் நரி சேர்க்கப்பட்டிருப்பதாகவும், நன்னடத்தைச் சான்றிதழ் பெறும்வரை எந்த மேடையிலும் ஏறக் கூடாதென்றும், விசாரணைக்கு நரி நேரில் ஆஜராக வேண்டும் என்றும் அதில் இருந்தது.

சான்றிதழ் கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பது நரியாருக்கு நன்றாகத் தெரியும். அவருடைய மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், மெத்தைக்கடை வைத்திருந்தார். தங்கமான மனிதர், தொல்லையே அதுதான். கல்யாணம் ஆன நாளிலிருந்து நரியாருக்குக் கடையில் ஒரு வேலையைத் தயாராக வைத்திருந்தார். தெருவைப் பார்த்த கண்ணாடிக்குப் பின்னால் ஒரு மெத்தை போட்டிருக்கும். நரியார் அதில் படுத்துக்கொண்டு நாளெல்லாம் சுகமாகத் தூங்குவதுபோல் இருக்க வேண்டும்.

“அதுவும் நடிப்புதானே மாப்ள” என்பார் மச்சான். உத்தரவு வந்த செய்தி கேட்டதும் அன்பு தாங்காமல் ஓடிவந்து, கோடு போட்ட இரவு உடுப்பு ஒன்றை அளவு பார்க்கக் கொடுத்துவிட்டுப் போனார். நரியார் அதை மடித்துப் பெட்டியின் அடியில் வைத்தார்.

மறுநாள் நல்ல சட்டை போட்டு, மதியச் சாப்பாட்டுக்கு ரொட்டியும் அவித்த முட்டையும் டப்பாவில் எடுத்துக்கொண்டு வாரியத்துக்குப் போனார். வாசலில் காவலாளி மறித்தார்.

“நரி எங்க?”

“நான்தாங்க.”

“நரின்னா வாலு இருக்கணுமே.”

நேரில் ஆஜர் என்றால் நேரில் ஆஜர்தான், நடிகரை அனுப்பிவிட்டு நரி வீட்டில் உட்கார்ந்திருக்கும் கதையெல்லாம் இங்கே நடக்காது என்று காவலாளி விளக்கினார். நரியார் வீட்டுக்குப் போய் முகமூடி, தோல், வால் எல்லாம் மாட்டிக்கொண்டு பஸ் ஏறினார். வால் இன்னொருவர் இடத்தில் உட்கார்ந்திருப்பதாக நடத்துநர் கோபித்துக்கொண்டார். திரும்ப வாசலுக்கு வந்தபோது காவலாளி எழுந்து நின்று, “வாங்க நரி” என்று மரியாதையாகவே வரவேற்றார். பிறகு டப்பாவை வாங்கித் திறந்து, சுத்தமான கரண்டியால் சரிபாதியை எடுத்து வேறொரு டப்பாவில் போட்டுக்கொண்டார்.

“இது எதுக்குங்க?”

“மாதிரி. சோதனைக்கு எடுக்கணும். உள்ள வர்ற எல்லார்கிட்டயும் எடுப்போம்.”

எங்கே சோதிப்பார்கள் என்று நரியார் கேட்டார். காவலாளி கரண்டியால் மாடியைக் காட்டினார். சன்னல் விளிம்பில் டப்பாக்கள் அடுக்கடுக்காக மாடி ஏறக் காத்திருந்தன.

மாடியில் இருந்த விசாரணைக் கூடம் பெரியது. வாரியத் தலைவர் மெலிந்த மனிதர், வயிறு மட்டும் தனியாகப் பதவி உயர்வு பெற்றிருந்தது. மேசைமேல் அவர் முன்னால் இருந்த தட்டில் அரை ஆரஞ்சு, அரை ரொட்டி, அரை முட்டை என்று எல்லாம் அரை அரையாக இருந்தன. சாப்பிட்டுக்கொண்டே விசாரித்தார்.

விசாரணை தொடங்குமுன் பக்கத்தில் இருந்த பயிற்றுநர் அம்மாள் ஒரு விதியைப் படித்தார். நரி பொய்யர் வகையைச் சேர்ந்தது. ஆகவே வேடத்தில் இருக்கும்வரை நரி எதைச் சொன்னாலும் அதற்கு நேர்மாறாகக் குறித்துக்கொள்ளப்படும். நரியார் திருதிருவென்று விழித்தார். தோலுக்குள் வியர்வை ஆறாக ஓடியது. புழுக்கமாக இருக்கிறது என்றார். பாவம் குளிருகிறது என்று சன்னல்களைச் சாத்தினார்கள். கொஞ்சம் தண்ணீர் கிடைக்குமா என்றார். எடுத்துவந்த தண்ணீரைத் திருப்பிக் கொண்டுபோனார்கள்.

தலைவர் கதையைத் தம் முன் விரித்து வைத்துக்கொண்டு, எழுத்தில் இருப்பதற்கு மட்டும் அந்த விதி பொருந்தாது என்று சொல்லிவிட்டுக் கேட்டார். கரடி பாதி கேட்டதா? கேட்டது. பாதியைத்தான் எடுத்ததா? ஆமாம். என்றைக்காவது முக்கால் எடுத்ததா? அப்படியெல்லாம் இல்லை என்றார் நரியார். தலைவருக்குக் குரல் தழுதழுத்தது.

“இந்தக் கதையில யோக்கியமா நடந்துக்கிட்ட ஒரே ஆள் கரடிதான். பாதி எடுப்பேன்னு சொன்னாரு, பாதி எடுத்தாரு. ஒரு பொய் உண்டா? மறைச்சு ஒரு வார்த்தை உண்டா? நிர்வாகம்னா அதுதான். அவர் தலையை நீங்க சாக்குக்குள்ள விட வச்சிருக்கீங்க.”

“அந்தப் பாலத்துல நிக்கச் சொல்லி அவரை யாருங்க நியமிச்சாங்க?” என்று கேட்டார் நரியார். குற்றம் சாட்டும் எண்ணம் இல்லை. பல வருஷமாக அந்த நாடகத்தைப் போட்டவருக்கு அன்றுதான் அந்தச் சந்தேகம் வந்தது.

தலைவர் சிரித்தார். விவரம் தெரியாதவர்களிடம் பெரியவர்கள் சிரிக்கிற சிரிப்பு.

“போய் நின்னாரு. கையை நீட்டினாரு. எல்லாரும் குடுத்தாங்க. இதுக்கு மேல என்ன நியமனம் வேணும்? எனக்கு இந்த வேலை எப்படிக் கிடைச்சதுன்னு நினைச்சீங்க?”

பயிற்றுநர் அம்மாள் இதையும் குறித்துக்கொண்டார். கடைசியாக, திருந்த விருப்பமா என்று கேட்டார்கள். நரியார் சட்டென்று “ஆமாங்க” என்றார். மறுக்கிறது என்று எழுதப்போனார்கள். பதறிப்போன நரியார் மனதில் கிடந்ததைக் கொட்டிவிட்டார்: “எனக்குத் திருந்தவே விருப்பம் இல்லைங்க. நரி இப்படி இருந்தாத்தான் நல்லா இருக்கு.” அன்று முழுக்க அவர் சொன்னதில் அவ்வளவு ஆழமான உண்மை வேறில்லை. மிகுந்த ஆர்வத்தோடு திருந்த முன்வருகிறது என்று குறித்துக்கொண்டு பயிற்சி வகுப்பில் சேர்த்துக்கொண்டார்கள்.

வகுப்பில் அவரைப்போலவே இன்னும் சிலர் வேடத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு குரங்கு, ஒரு முயல், அரக்கனுக்கு டிமிக்கி கொடுத்த ஒரு தையல்காரர். தையல்காரரின் பாடு எல்லோரையும்விடப் பரிதாபம். அரக்கனை நேரில் பார்த்து மன்னிப்புக் கேட்டு வரும்படி அவருக்கு வீட்டுப்பாடம் கொடுத்திருந்தார்கள். அரக்கனின் முகவரிதான் கிடைக்கவில்லை.

பயிற்றுநர் அம்மாள் கெட்டவர் இல்லை. சொல்லிக்கொடுப்பதை மனதார நம்பினார், நம்பிக் கொஞ்சம் உடம்பும் இளைத்திருந்தார். வலியவர் குறுக்கே நிற்கும்போது எளியவர் தந்திரம் செய்வது அவசரப் புத்தி என்றார். தந்திரத்துக்கு மாற்று மனு. பணிவான மனு, தெளிவான கையெழுத்து, பொறுமை. இந்த மூன்றும் இருந்தால் எந்தக் கதையும் ஒழுக்கமாக முடியும்.

குரங்கு கையைத் தூக்கியது. “அம்மா, நடு ஆத்துல முதலை வாயைத் திறந்துட்டு வருதுன்னு வைங்க. அப்ப என்ன பண்றது?”

“உங்க ஆட்சேபத்தைப் பணிவாத் தெரிவிக்கணும்.”

“அதுக்குள்ள முழுங்கிட்டா?”

“உங்க வாரிசு மேல்முறையீடு பண்ணலாம்” என்றார் அம்மாள். வகுப்பு அமைதியாக எழுதிக்கொண்டது. குரங்கு மட்டும் எழுதவில்லை.

நரியாரின் நாடகத்தையும் அங்கேயே திருத்தி எழுதினார்கள். புதிய நாடகத்தில் சாக்கு கிடையாது. நரி வந்து கரடியிடம் மனு கொடுக்கும். ஆவன செய்யப்படும் என்று கரடி சொல்லும். முயல், ஆடு, அணில், நரி நால்வரும் பாலத்தடியில் வரிசையாக நின்று காத்திருப்பார்கள். நாடகத்தின் இரண்டாம் பாதி முழுக்க அந்தக் காத்திருப்புதான். அதைச் சுருக்கலாமா என்று நரியார் கெஞ்சிப் பார்த்தார். காத்திருப்பது எப்படி என்று பிள்ளைகள் எப்போதுதான் கற்றுக்கொள்வார்கள் என்று அம்மாள் கேட்டார். ஆப்பிளை எடுத்துவிட்டார்கள். நல்லவனா கெட்டவனா என்ற கேள்வியை முதல் வேலையாக எடுத்துவிட்டார்கள். விடை தெரியாத கேள்வியைப் பிள்ளைகளிடம் விட்டுவைப்பது தீப்பெட்டியை விட்டுவைப்பதுபோல என்பது வாரியத்தின் கருத்து.

பயிற்சி முடிந்தது. நரியாருக்குச் சான்றிதழ் கொடுக்க ஒரு விழாவே எடுத்தார்கள். பொய்யர் வகையிலிருந்து நரி நீக்கப்பட்டது. உண்மையர் வகையில் சேர்க்கப்பட்டது. தலைவர் அதன் பொருளைச் சபைக்கு விளக்கினார்.

“இன்னையிலிருந்து வேடத்துல இருக்கும்போது இந்த நரி எதைச் சொன்னாலும் அது உண்மை. நடந்துச்சா இல்லையான்னு யாரும் ஆராய வேண்டியதில்லை. நாங்க முத்திரை வச்சிட்டோம், அதனால உண்மை. அதைச் சந்தேகப்பட்டா வாரியத்தைச் சந்தேகப்பட்ட மாதிரி.”

எல்லோரும் கைதட்டினார்கள். நரியார் வீட்டுக்கு வந்து தோலைக் கழற்றிப்போட்டுவிட்டு, கால் கழுவாமல்கூட ஒரு மூலையில் உட்கார்ந்துவிட்டார். ஏனென்றால் வழியில் அரங்கக்காரரைப் பார்த்துப் புதிய நாடகத்தைச் சொல்லியிருந்தார். மனு கொடுத்துக் காத்திருப்பதைப் பார்க்க எந்தப் பிள்ளை வரும், எங்கள் வீட்டில் மின்விளக்குக்காக நாங்களே அதைத்தான் செய்கிறோம் என்று அவர் அரங்கம் தர மறுத்துவிட்டார். பழைய நாடகத்துக்கு அனுமதி இல்லை. புதிய நாடகத்துக்கு ஆள் இல்லை. கண்ணாடிக்குப் பின்னால் மெத்தை விரித்துத் தயாராக இருந்தது.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு காட்சி. வாரியத்தின் சொந்தக் கூடத்தில், அலுவலர்களின் பிள்ளைகள் முன்னிலையில் புதிய நாடகத்தைப் போட்டுக்காட்ட வேண்டும். வாரியத்துக்கெல்லாம் மேலான இடத்திலிருந்து ஓர் அம்மையார் பார்வையிட வருகிறார். அது முடிந்ததும் புதிய கதையே நிலைத்துவிடும், பழைய கதையை மறந்துவிட வேண்டியதுதான்.

மனைவி கரடித் தலையை மடியில் வைத்துக் காது தைத்துக்கொண்டிருந்தாள். நரியார் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. உண்மையர் வகை என்றால் என்ன என்று இன்னொரு தடவை கேட்டாள். தலைவர் சொன்னதை அப்படியே ஒப்பித்தார். அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

“அந்தக் காத்திருக்கற நேரம் பூரா நீங்க என்ன பண்ணணுமாம்?”

“சும்மா நிக்கணுமாம்.”

“சும்மா நிக்காதீங்க. எப்பவும் போலப் பிள்ளைங்ககிட்ட பேச்சுக் குடுங்க. ஏதாவது கேட்டா பதில் சொல்லுங்க. உண்மையைத் தவிர வேற எதையும் சொல்லிடாதீங்க. பெரிய இடத்துல குடுத்த பட்டம், காப்பாத்தணும் இல்ல?”

நரியாருக்கு மனைவியின் பொறுப்புணர்ச்சி ஆச்சரியமாக இருந்தது. அவள் முகத்தைப் பார்த்தார். அதற்குள் அவள் அளவு பார்ப்பதற்காகக் கரடித் தலையை மாட்டிக்கொண்டுவிட்டாள்.

காட்சி நாள் வந்தது. கூடம் நிறையப் பிள்ளைகள். முன்வரிசையில் மேலிடத்து அம்மையார், பக்கத்தில் தலைவர், தலைவருக்குப் பக்கத்தில் அவருடைய பேத்தி. அந்தப் பெண் மடியில் ஒரு தின்பண்ட டப்பாவை வைத்திருந்தாள். வாயும் ஓயவில்லை, கேள்வியும் ஓயவில்லை. திரை ஏன் சிவப்பு, கரடிக்கு வியர்க்குமா என்று தலைவரைத் துளைத்துக்கொண்டிருந்தாள்.

நாடகம் தொடங்கியது. நரி மனு கொடுத்தது. ஆவன செய்யப்படும் என்றது கரடி. நால்வரும் பாலத்தடியில் நின்றார்கள். நின்றார்கள். பின்வரிசையில் ஒரு பிள்ளை கொட்டாவி விட்டது. பயிற்றுநர் அம்மாள் பெருமையோடு கடிகாரத்தைப் பார்த்தார். நரியார் ஓர் அடி முன்னால் வந்து, “நாம கொஞ்சம் பேசிட்டிருக்கலாமா?” என்றார்.

பேத்தி உடனே எழுந்தாள். “நெஜமாவே இப்படிக் கரடி இருக்கா?”

நரியார் யோசித்தார். இல்லை என்று சொல்லிவிட்டால் முடிந்தது. ஆனால் அது நாடக வசனம் இல்லை, சொந்தப் பேச்சு. முகமூடிக்குள் காதுகள் சூடாகத் தொடங்கின. உண்மையைத் தவிர வேறெதுவும் கூடாது என்று மனைவி வேறு சொல்லி வைத்திருந்தாள்.

“கரடியா இல்லைம்மா. ஆனா வர்றவங்க சாப்பாட்டுல பாதி எடுக்கறாங்க.”

“எங்க?”

“இங்கதான். கீழ வாசல்ல.”

கூடத்தில் சலசலப்பு. கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த காவலாளி கரண்டியை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். எடுத்து என்ன செய்வார்கள் என்று இன்னொரு பிள்ளை கத்தியது. மாடிக்குப் போகும் என்றார் நரியார். மாடியில் யார் சாப்பிடுவார்கள்? தெரியாது என்று சொல்லிப் பார்த்தார், நாக்கு புரளவில்லை. விசாரணை அன்று தலைவர் தட்டில் எல்லாம் பாதி பாதியாக இருந்ததைப் பார்த்தேன் என்றார். அதில் அரை முட்டை என்னுடையது என்று, கேட்காமலே, அதையும் சேர்த்துச் சொன்னார்.

பேத்தி தலைவர் பக்கம் திரும்பினாள். கோபம் எதுவும் இல்லை. நெடுநாள் புதிர் ஒன்று விடுபட்ட சந்தோஷம்தான் அவள் முகத்தில்.

“தாத்தா, அதான் நம்ம வீட்டுக்கு தினமும் வேற வேற டப்பா வருதா?”

பிள்ளைகள் சிரித்தார்கள். அப்படி ஒரு சிரிப்பு, கரடியின் தோள்கூடக் குலுங்கியது. தலைவர் திரையைப் போடச் சொன்னார்.

திரைக்குப் பின்னால் மேலிடத்து அம்மையார் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: நரி சொன்னது உண்மையா, பொய்யா? தலைவருக்கு முழி பிதுங்கியது. பொய் என்றால் வாரியத்தின் முத்திரை பொய். உண்மை என்றால் டப்பா உண்மை. பயிற்றுநர் அம்மாள் விதிகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். தலைவர் அதிகாரத்தை எல்லாம் தொலைத்துவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டு நின்றார். அப்போது கரடித் தலையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நரியாரின் மனைவி பணிவாக வந்தாள்.

“ஐயா, தப்பா நினைக்கக் கூடாது. குடுத்த சான்றிதழைத் திருப்பி வாங்க முடியாதுங்களா?”

தலைவரின் கண்ணில் ஒளி வந்தது. முடியுமே. காட்சி தொடங்குவதற்கு முந்தைய கணத்திலிருந்தே ரத்து செய்ய முடியுமே.

“ஆனா அப்புறம் இவர் பழையபடி பொய்யரா ஆயிடுவாரே” என்று அவள் கவலைப்பட்டாள். “எங்களுக்கு ரொம்ப அவமானங்க.”

“அதெல்லாம் பரவாயில்லம்மா, பரவாயில்ல” என்று தலைவர் அவசரமாக ரத்து செய்தார். நரி பழையபடி பொய்யர் வகைக்குப் போனது. அதனால் மாடி இல்லை, டப்பா இல்லை, அரை முட்டையும் இல்லை. தலைவர் பெருமூச்சு விடப்போன நேரத்தில் மேலிடத்து அம்மையார் இன்னொன்று கேட்டார். பொய்யர் என்று தெரிந்தும் இந்த நரியை எப்படி மேடை ஏற்றினீர்கள்?

பயிற்றுநர் அம்மாள் மறுபடி விதிகளைப் புரட்டினார். நரியாரின் மனைவி கரடிக் காதை நீவிக்கொண்டே, அனுமதியோடுதான் ஏறியது என்று ஒரு வரி போட்டுவிட்டால் யாருக்கும் கெட்ட பெயர் வராதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல் சொன்னாள். தலைவர் பேனாவைத் திறந்தார். இந்த நரி எல்லா மேடைகளிலும் எக்காலத்திலும் பொய் சொல்ல வாரியத்தால் அனுமதிக்கப்பட்டது என்று எழுதி, கையெழுத்தும் போட்டு, மை காய ஊதியும் கொடுத்தார். சாக்குக்குள் அவரை யாரும் பிடித்துத் தள்ளவில்லை. தலையை அவராகத்தான் உள்ளே விட்டார்.

அன்றே வாரியத்தில் ஒரு சீர்திருத்தமும் நடந்தது. வாசலில் எடுக்கப்படும் மாதிரிகள் இனி மாடிக்குப் போகக் கூடாது, நேராக மேலிடத்துக்கு அனுப்பப்பட வேண்டும் என்று அம்மையார் உத்தரவிட்டுப் போனார்.

பஸ்ஸில் வீடு திரும்பும்போது நரியாரின் வால் மடியில் இருந்தது. அதைச் சுருட்டிக்கொண்டே அவர் மெதுவாக, “நீ எல்லாம் யோசிச்சு வச்சுத்தானே செஞ்சே?” என்று கேட்டார்.

“நானா?” என்றாள் அவள் சன்னல் வழியே பார்த்துக்கொண்டு. “நான் கரடிங்க. எனக்குப் பொய் சொல்லத் தெரியுமா?”

பழைய நாடகம் மறுபடி தொடங்கிய அன்று அரங்கத்தில் நிற்க இடமில்லை. மச்சான் முதல் வரிசையில் உட்கார்ந்து, தூக்கச் சாக்கு வந்தபோது எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். இரவு உடுப்பைத் திருப்பித் தர வேண்டாம், ராத்திரியில் போட்டுக்கொள்ளுங்கள் என்று பெரிய மனதோடு சொன்னார். குரங்கும் தையல்காரரும் வந்திருந்தார்கள், தங்களுக்கும் இப்படி ஏதாவது வழி உண்டா என்று கரடியைத் தனியாகப் பிடித்து விசாரித்தார்கள்.

தலைவரின் பேத்தியும் வந்திருந்தாள், டப்பாவோடு. கரடி குறட்டை விட்டது. பொம்மைகள் அக்கரை சேர்ந்தன. நரியார் முயலின் மூட்டையிலிருந்து ஆப்பிளை உருவி, நிதானமாக ஒரு கடி கடித்தார். எத்தனை நாள் ஆகிவிட்டது! மேடையின் ஓரத்துக்கு வந்து குனிந்து, முன்வரிசையைப் பார்த்துக் கேட்டார்:

“சொல்லுங்க, நான் நல்லவனா, கெட்டவனா?”

வழக்கம்போலக் கூச்சல் கிளம்பியது. பேத்தி மட்டும் கத்தவில்லை. நரியை ஏற இறங்கப் பார்த்து, தூங்குகிற கரடியையும் பார்த்து, யோசித்துவிட்டுச் சொன்னாள்:

“கரடி உண்மைதான் பேசுது. நீதான் பொய் சொல்ற. ஆனா நாங்க பாலத்தைத் தாண்டணுமே. நீயே வா.”

சொல்லிவிட்டு, தன் டப்பாவின் மூடியை இரண்டு கையாலும் இறுக அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.